வெயில் பார்க்காத சாயம்

ஏழாயிரம்பண்ணை,
8 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி அருள்பாண்டிக்கு,

அக்கா எழுதுவது. நானும் முத்தரசியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கொச்சிச் சாப்பாடு இப்போதாவது உனக்கு ஒத்துக்கொள்கிறதா? வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் பேசினால் என் காதில் விழாது. எழுதி அனுப்பலாம் என்றால் போன் உன் மருமகள் முத்தரசி கையில்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடமெல்லாம் அதில் வருகிறதாம். நான் உனக்கு எழுதுவதை அவள் படிக்க வேண்டாம்.

கூரியர் பெட்டியில் இரண்டு பாட்டில் தண்ணீர் இருக்கும். நம் கண்மாய்த் தண்ணீர். நீ தண்ணீரைத்தானே ஆராய்ச்சி செய்கிறாய், இதையும் பார். எங்கள் வெடி கம்பெனி முதலாளி லட்சுமிகாந்தத்துக்கு லைசென்ஸை நிறுத்திவைத்திருக்கிறார்கள் அல்லவா? ஆள் சும்மா இருக்கவில்லை. நம் கண்மாய்க் கரையிலேயே, வெடிக்குச் சுற்றும் கலர்த்தாளுக்குச் சாயம் போடுகிற கம்பெனி ஆரம்பித்துவிட்டார். மஞ்சள் சாயம். கண்மாய்த் தண்ணீரும் மஞ்சளடித்துத்தான் கிடக்கிறது. மாரித்தாய் மதினி ஆடுகள் அதைத்தான் குடிக்கின்றன.

சாயம் கலந்திருக்கிறது என்று உன் கையெழுத்தோடு ஒரு தாள் கொடு. கம்பெனியை மூடவைக்க அது போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பங்குனி வந்தால் உன் மச்சான் வெடி விபத்தில் போய் இரண்டு வருஷம். கேஸ் அப்படியே கிடக்கிறது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேரை உட்காரவைத்து மருந்து அடைக்கச் சொன்னது யாருக்கும் நினைவில்லை. வெளியே வேப்பமரத்தில் கழற்றி மாட்டியிருந்த அவர் சட்டைப் பையில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் இருந்தன என்பது மட்டும் ஊருக்கே நினைவிருக்கிறது. இளைப்பு நோய்க்காரர். ஊதுபத்திப் புகைக்கே வாசலுக்கு ஓடுகிற மனுஷன். அவர் பீடி குடித்து நாலு பேரைக் கொன்று தானும் செத்தாராம். பக்கத்து அறையில் இருந்த எனக்குக் காது மட்டும் போனது. அந்தச் சொல்லைக் கேட்காமல் இருக்கத்தான் காது போனதோ என்று நினைத்தேன். ஆனால் உதடுகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளப் பழகிவிட்டேன்.

பாட்டிலைப் பார்த்துவிட்டு எழுது.

உன் அக்கா,
மாரிசெல்வி

*

கொச்சி,
21 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். வயிறும் நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே. உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம்! முத்தரசியை நன்றாகப் படிக்கச் சொல். உன் தலைசுற்றலுக்கு மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாயா?

பாட்டில் இரண்டையும் பார்த்தேன். சாயம் இல்லை அக்கா. நானும் இருக்க வேண்டும் என்றுதான் தேடினேன், இல்லை. தண்ணீரில் இருப்பது கருவேல இலையும் காயும் ஊறிய சாறு. மழைக்குப் பிறகு நம் கண்மாய் எப்போதும் அந்த நிறத்தில்தானே இருக்கும்?

என் வேலையே அந்தச் சாறுதான். இலையும் வேரும் அழுகித் தண்ணீரில் கரைந்துவிட்டால் எந்தத் துணியில் வடித்தாலும் வடியாது. அதன் மேல் வெயில் படும்போது அதில் இருக்கும் பெரிய மூலக்கூறுகள் அறுபடுகின்றன. நிறம் வெளுக்கிறது. அறுபட்டதில் கொஞ்சம் காற்றோடு கலந்துவிடும், கொஞ்சத்தைக் கிருமிகள் தின்றுவிடும். மேல்தண்ணீர் சீக்கிரம் வெளுக்கும். ஆழத்துக்கு வெயில் எட்டாது, அது கருத்தே கிடக்கும். ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் கொடுத்தால் அது ஏறக்குறைய எத்தனை நாள் வெயில் குடித்தது என்று சொல்லிவிடலாம். இதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கம்பெனி வாய்க்கால் வந்து விழும் இடத்தில் எடுத்து அனுப்பு. பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில் நான் அனுப்பிவைக்கிறேன். எடுத்தவுடன் கறுப்புத் துணியில் சுற்றி ஐஸ் வைத்துவிடு. வெளிச்சம் பட்டால் தண்ணீர் மாறிவிடும். தேதி, மணி, இடம் மூன்றையும் ஒட்டிவிடு.

உன் தம்பி,
அருள்பாண்டி

*

ஏழாயிரம்பண்ணை,
12 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். தலைசுற்றல் குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய பாட்டில்கள் உடையாமல் வந்தன. பனிக்காலம், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிக்கொள்.

போன வாரம் லட்சுமிகாந்தம் ஊருக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் கொடுக்கிறாராம். மாலை, சால்வை, போட்டோ எல்லாம் நடந்தது. காரில் ஏறப் போனவரை மறித்து நின்றேன்.

"எங்க வீட்டுக்காரரு பீடி குடிச்சத நீங்க கண்ணால பாத்தீகளா?" என்று கேட்டேன். காது போன பிறகு என் குரல் எம்புட்டு உயரத்தில் வருகிறது என்று எனக்கே தெரியாது. கூட்டம் மொத்தமும் திரும்பியதைப் பார்த்தால் கத்தியிருப்பேன் போலிருக்கிறது.

அவர் ஏதோ சொன்னார். கையில் மாலையை வைத்து வாயை மறைத்தபடி சொன்னார். "எழுதிக் காட்டச் சொல்லுங்க" என்று முத்தரசியின் நோட்டை நீட்டினேன். அவர் எழுதுவாரா? பக்கத்தில் நின்ற கண்ணுச்சாமி அண்ணனைப் பார்த்தார். வெடி கம்பெனியில் நமக்குப் போர்மேனாக இருந்தாரே, அதே கண்ணுச்சாமிதான். இப்போது சாயக் கம்பெனியிலும் அவர்தான் போர்மேன். அவர் நோட்டை வாங்கி எழுதினார். 'செத்தவனைப் பற்றி இனிமேல் பேசாதே. அவன் செய்த தப்புக்கு நான் லைசென்ஸ் இழந்து நிற்கிறேன். உனக்கு என்ன போயிற்று?'

உனக்கு என்ன போயிற்று. அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். தண்ணீரில் எம்புட்டு சாயம் இருந்தால் உன் மெஷினுக்குத் தெரியும்? கண்ணுக்குத் தெரிகிற அளவு வேண்டுமா, கொஞ்சம் இருந்தாலும் போதுமா? விவரமாக எழுது.

அக்கா

*

கொச்சி,
22 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தலைசுற்றல் குறைந்ததில் சந்தோஷம். மருமகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, இரவில் அதிக நேரம் விழிக்கவிடாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் ஆய்வகத்தில் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. மச்சான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சாத்தூர் பஸ்ஸுக்கு ஓடியது ஞாபகம் வந்தது. கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு அவர் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். அந்தச் சட்டைப் பையில் ஒரு புகையிலைத் துணுக்கு இருந்திருந்தால் எனக்குத் தெரியாதா?

நீ கேட்டதற்குப் பதில்: கண்ணுக்குத் தெரியவே வேண்டாம். ஒரு சிட்டிகைச் சாயத்தை ஒரு லாரித் தண்ணீரில் கரைத்தாலும் எங்கள் கருவி கண்டுபிடித்துவிடும். அவர்கள் ஒளித்துத் திறந்துவிட்டாலும் தப்ப முடியாது. நீ தண்ணீரை அனுப்பு. கையெழுத்துப் போட நான் இருக்கிறேன். அந்த ஆளைச் சும்மா விடப்போவதில்லை.

தம்பி,
அருள்பாண்டி

*

ஏழாயிரம்பண்ணை,
15 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

ஆறு பாட்டில். மடைப் பக்கம் இரண்டு, வாய்க்கால் விழும் இடம் இரண்டு, எதிர்க்கரை இரண்டு. நேற்று மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல்தண்ணீராக எடுத்தேன். நீ சொன்னபடி கறுப்புத் துணி, ஐஸ்.

நேற்று உன் மச்சானுக்கு இரண்டாம் வருஷம். படையல் போட்டேன். வேறொன்றும் இல்லை.

அக்கா

*

கொச்சி,
29 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் முத்தரசியும் எப்படி இருக்கிறீர்கள்? நான் சரியாகத் தூங்கி மூன்று நாளாகிறது. ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை, சந்தோஷம்தான் காரணம்.

சாயம் இருக்கிறது! ஆறு பாட்டிலிலும் இருக்கிறது. தாளுக்குப் போடும் அதே மஞ்சள் சாயம். முடிவு கையில் வந்ததும் மேஜையை ஓங்கிக் குத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வந்துவிட்டார்.

அறிக்கையை எழுத ஆரம்பித்துவிட்டேன். சுற்றுச்சூழல் அதிகாரிகளுக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று. ஒரே ஒரு விதி குறுக்கே நிற்கிறது. ஒரு தடவை பார்த்தது போதாது, அதே இடங்களில் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஏப்ரல் பத்தாம் தேதிவாக்கில் எடுத்து அனுப்பு. அது வந்ததும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

அந்த ஆள் கம்பெனி கதவில் சீல் வைக்கும்போது நான் அங்கே வந்து நிற்பேன் அக்கா. லீவு சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்க்க வேண்டும்.

தம்பி,
அருள்பாண்டி

*

ஏழாயிரம்பண்ணை,
15 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

சித்திரை பிறந்துவிட்டது. நேற்று பாயசம் வைத்தேன். உன் மச்சான் போன பிறகு இந்த வீட்டில் இனிப்பு வைத்தது நேற்றுதான். முத்தரசி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். நீயும் அங்கே நன்றாகச் சாப்பிட்டிருப்பாய் என்று நினைக்கிறேன்.

நீ கேட்ட ஆறு பாட்டிலும் இதோடு வருகிறது. பத்தாம் தேதி மதியம் எடுத்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. கண்மாய் பாதிக்கு வற்றிவிட்டது, முழங்கால் ஆழம்கூட இல்லை.

ஊரில் பேச்செல்லாம் லட்சுமிகாந்தம் கம்பெனியைப் பற்றித்தான். விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு முன்னாலேயே, மார்ச் இருபதாம் தேதியே பூட்டிவிட்டார்கள். ஆர்டர் இல்லையாம். வேன் வருவதில்லை, சாயத்தொட்டி காய்ந்து கிடக்கிறது. இப்போதே இப்படி என்றால் உன் தாள் வந்தபிறகு எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உனக்குக் கருப்பட்டி மிட்டாய் வைத்திருக்கிறேன்.

அக்கா

*

கொச்சி,
3 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நன்றாக இரு. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

உன் ஆறு பாட்டிலையும் பார்த்தேன். இந்தத் தடவையும் எல்லாவற்றிலும் சாயம் இருக்கிறது. மார்ச் மாதம் இருந்த அதே அளவு. கம்பெனி பூட்டி மூன்று வாரம் கழித்தும் அதே அளவு.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. உன் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோதுதான் உறைத்தது. ஒரு பாட்டில் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மொட்டைமாடியில் வைத்தேன். ஒரே பகலில் பாதிக்கு மேல் சாயம் போய்விட்டது. மூன்றாம் நாள் தேடினாலும் இல்லை. இருந்ததெல்லாம் அது உடைந்த துண்டுகள்தான். இந்தச் சாயம் வெயில் தாங்காது. முழங்கால் ஆழத் தண்ணீரில், நம் ஊர்ப் பங்குனி வெயிலில், மூன்று வாரம் கிடந்திருந்தால் நீ அனுப்பிய பாட்டிலில் துண்டுகள்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு துண்டுகூட இல்லை. எல்லாம் முழுச் சாயம்.

அதே பாட்டிலில் இலைச்சாறும் இருக்கிறது. அது வெளுத்து, அறுபட்டு, மூன்று மாத வெயிலையும் குடித்திருக்கிறது. ஒரே தண்ணீரில் ஒன்று மூன்று மாத வெயில் பார்த்திருக்கிறது, இன்னொன்று ஒரு நாள்கூட வெயில் பார்க்கவில்லை. மார்ச் பாட்டில்களையும் எடுத்துப் பார்த்தேன். அவையும் அப்படித்தான். அன்று சந்தோஷத்தில் சாயம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், வேறெதையும் பார்க்கவில்லை. சாயம் கண்மாயில் கலக்கவே இல்லை அக்கா. பாட்டிலில் கலந்திருக்கிறது.

அறிக்கை தயாராக மேஜை மேல் இருக்கிறது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் போட்டால் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். மூன்று நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரிய வேண்டும், போட்டுவிடத்தான் ஆசைப்பட்டேன். இப்போதும் ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் மச்சான் சட்டைப் பையில் யாரோ பீடியை வைத்தார்கள். நீ பாட்டிலில் சாயத்தை வைத்திருக்கிறாய். இதில் நான் கையெழுத்துப் போட்டால், அந்தப் பீடிக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும்.

இன்னொன்றும் யோசித்தாயா? அறிக்கை போனால் அதிகாரிகள் வந்து தாங்களே தண்ணீர் எடுப்பார்கள். அப்போது கண்மாயிலேயே கொட்டியிருப்பாயா? மாரித்தாய் மதினி ஆடுகள் அதைத்தான் குடிக்கின்றன என்று நீதான் எழுதினாய்.

அந்தச் சாயம் கடையில் சில்லறையாகக் கிடைக்காது. கம்பெனிக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும். யார் கொடுத்தார்கள்? லட்சுமிகாந்தத்திடம் சம்பளம் வாங்குகிற ஆள் உனக்கு எதற்காகக் கொடுத்தார்? இதை மட்டும் யோசி.

யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடமாட்டேன்.

தம்பி,
அருள்பாண்டி

*

10 மே 2025

அருள்பாண்டிக்கு,

ஆமாம். நான்தான் கலந்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் என் கையால் கலந்தேன்.

அதிகாரிகள் வந்தால் கண்மாயிலும் கொட்டியிருப்பேன். ஐந்து கிலோ டின் வீட்டில் இருக்கிறது.

லட்சுமிகாந்தம் பொய் சொன்னபோது யாரும் மொட்டைமாடியில் வைத்துப் பார்க்கவில்லை. என் பொய்யை மட்டும் என் தம்பி வெயிலில் வைத்துப் பார்க்கிறான். உன்னைப் படிக்கவைத்தது இதற்குத்தானா என்று உன் மச்சான் போட்டோவைப் பார்த்துக் கேட்டேன்.

இனிமேல் எனக்கு எழுதாதே.

மாரிசெல்வி

*

கொச்சி,
20 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. முத்தரசி நல்ல மார்க் வாங்கியிருப்பதாகச் செய்தி அனுப்பினாள். கெமிஸ்ட்ரி எடுத்திருக்கிறாளாமே. நீ மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. நீ சொல்லக் கூடாது என்று சொல்லியிருப்பாய்.

அறிக்கையைக் கிழித்துவிட்டேன். உன் பாட்டில்கள் இன்னும் குளிர்பெட்டியில் இருக்கின்றன. எடுத்து ஊற்ற மனம் வரவில்லை.

தம்பி

*

கொச்சி,
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? ஒரு வரி போதும். அந்த டின் எங்கே இருக்கிறது என்று மட்டுமாவது எழுது.

தம்பி

*

ஏழாயிரம்பண்ணை,
9 நவம்பர் 2025

அன்புள்ள தம்பி அருள்பாண்டிக்கு,

அக்கா எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், உடம்பும் பரவாயில்லை. முத்தரசி காலேஜ் பஸ்ஸில் போய் வருகிறாள். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. அரசாங்க வக்கீல் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். இப்போது சொல்லலாம்.

உனக்கு அந்தக் கடிதம் எழுதிப் போட்ட மறுநாள், டின்னைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். உன் மேல் இருந்த ஆத்திரம் எனக்கு. கண்மாயில் கொட்டிவிட்டு அதிகாரிகளுக்கு நானே எழுதிப் போடுவோம், அருள்பாண்டி கையெழுத்து யாருக்கு வேண்டும் என்று போனேன். உச்சி வெயில். தண்ணீர் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. மூடியைத் திறந்துவிட்டேன். மாரித்தாய் மதினி ஆடுகள் முப்பதும் குட்டைக்குள் இறங்கி நின்று குடித்துக்கொண்டிருந்தன. மதினி கரையில் நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். போகட்டும் என்று காத்திருந்தேன். ஆடுகள் போகவே இல்லை. கை வலித்தது. டின்னைக் கீழே வைத்தேன். அப்போதுதான் நீ கேட்ட கேள்வி வந்தது. இதை எனக்கு எதற்காகக் கொடுத்தார்?

கொடுத்தது கண்ணுச்சாமி அண்ணன். பிப்ரவரியில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அன்று எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

கண்மாயிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். டின்னை வாசற்படியில் வைத்தேன்.

"எதுக்குண்ணே இதக் குடுத்தீக? மொதலாளிக்குத் தெரிஞ்சிருந்தா வேலை போயிருக்கும்ல. கேட்டவொடன ஏன் குடுத்தீக?" என்றேன்.

அவர் ஏதோ சொன்னார். தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

"குனிஞ்சு பேசுனா எனக்கு எப்படித் தெரியும்? எழுதுங்க" என்று நோட்டை நீட்டினேன்.

நோட்டை வாங்கி முழங்கால் மேல் வைத்தார். பிறகு எழுதினார். 'மன்னிச்சிரு தாயி. முனியசாமி சட்டையில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வைத்தது நான்தான். மொதலாளி வைக்கச் சொன்னார். வைக்கும்போது அந்த அறை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.'

நான் படித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. "தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கண்ணே" என்றேன். லோடு ஏற்றும் சீட்டில் இருபது வருஷமாகப் போட்ட பழக்கம்போல, யோசிக்காமல் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அதற்குள் நோட்டு என் மடியில் இருந்தது.

தெருவரைக்கும் ஓடி வந்தார். "அதக் குடுத்துரு தாயி, மகளுக்குப் பரிசம் போட்டுருக்கு" என்றார். இப்போது தலை குனியாமல் சொன்னதால் உதட்டைப் பார்த்தே தெரிந்தது. நான் திரும்பாமல் நடந்தேன். எனக்குக் காது கேட்டிருந்தால் அவர் வாயால் சொல்லி அழுதிருப்பார், நானும் அழுதிருப்பேன், அது அத்தோடு போயிருக்கும்.

அந்த நோட்டை வக்கீலிடம் கொடுத்தேன். கண்ணுச்சாமி திருப்பூருக்கு ஓடிப்போனார், போலீஸ் கூட்டிவந்தது. ஆகஸ்டில் மாஜிஸ்திரேட் முன்னால் எல்லாம் சொல்லிவிட்டார். ஒன்பது பேரை உட்காரவைத்தது முதல் பீடி வரைக்கும். மகள் கல்யாணம் நின்றுபோனது. பாவமாக இருக்கிறது என்று உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

லட்சுமிகாந்தத்தை அக்டோபர் ஒன்பதாம் தேதி பிடித்தார்கள். தீபாவளியன்று உள்ளே இருந்தார். அன்று ஊரெல்லாம் வெடித்த வெடியில் ஒன்றுகூட எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்தாம் தேதி ஜாமீனில் வந்துவிட்டார். பணக்காரர், வரத்தான் செய்வார். கேஸ் எத்தனை வருஷம் போகும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை.

நான் பாட்டிலில் செய்ததையும் வக்கீலிடம் சொல்லிவிட்டேன். அவர் என் நோட்டை இழுத்துக்கொண்டார். "அந்தத் தாள் போயிருந்தா இன்னைக்கு உங்க பேச்சை எவன்மா நம்புவான்?" என்று எழுதிக் காட்டினார். உன் கடிதத்தை நான் அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன் தம்பி. ஆனால் பீடியைப் பற்றி நீ எழுதிய வரி மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாட்டில்களைக் கொட்டிவிடு.

நாலாம் தேதி முதல் வாய்தா. கோர்ட்டில் எனக்கு ஒன்றும் கேட்காது, வர வேண்டியதில்லை என்றார்கள். போனேன். முதல் பெஞ்சில் லட்சுமிகாந்தத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். வேறெதையும் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். கதவுப் பக்கம் திரும்பினார். அங்கேயும் போய் உட்கார்ந்தேன். கோர்ட்டுச் சேவகர் வந்து என்னிடம் ஏதோ சொன்னார். காது கேட்காது என்று காட்டினேன். மூன்றாவது தடவை லட்சுமிகாந்தத்துக்கு வியர்த்துவிட்டது.

அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி. லீவு கிடைத்தால் வா. நாம் இரண்டு பேர் இருந்தால் அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று பார்க்கலாம்.

முனியசாமி மனைவி,
உன் அக்கா மாரிசெல்வி